எச்எஸ்பிசி வழக்கு: வங்கி ஒப்புக்கொண்டது, வங்கியாளர் ஒருவரும் கூண்டில் ஏறவில்லை

மெக்சிகோவில் எச்எஸ்பிசி வங்கிக் கிளைகளின் காசாளர் ஜன்னலை அளந்து, அந்த அளவுக்கே பெட்டி செய்து, அதில் டாலர் நோட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து செலுத்தினார்கள் போதைப்பொருள் கும்பல்களின் ஆட்கள். ஒரே கணக்கில் ஒரே நாளில் லட்சக்கணக்கான டாலர் ரொக்கம். இது வதந்தி அல்ல. 2012 டிசம்பர் 11 அன்று அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட அறிக்கையில் உள்ளது, வங்கியும் மறுக்கவில்லை. அதே அறிக்கையில் குற்றம் சாட்டப்பட்டவர் என்று ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை.

பணக்காரக் குற்றவாளிகள் ஏன் சிறைக்குப் போவதில்லை என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, ஆதாரம் கிடைப்பதில்லை. இன்னொன்று, நல்ல வக்கீல் வைத்து வாதாடித் தப்பிவிடுகிறார்கள். எச்எஸ்பிசி விவகாரத்தில் இந்த இரண்டுமே பொருந்தாது. ஆதாரம் மலைபோல் இருந்தது. விசாரணை என்ற ஒன்று நடந்து யாரும் அதில் வாதாடி ஜெயிக்கவும் இல்லை. வழக்கு நடத்தும் அதிகாரம் உள்ளவர்கள் நடத்த வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அதற்குச் சொன்ன காரணம் எதுவரை செல்லும் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

மெக்சிகோவில் என்ன நடந்தது

2002இல் எச்எஸ்பிசி, மெக்சிகோவின் பிட்டால் என்ற வங்கியை வாங்கியது. வாங்கும்போதே லண்டன் தலைமைக்கு ஒரு விஷயம் தெரியும். பிட்டாலில் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத்தைத் தடுக்கும் பிரிவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. குழுமத்தின் காம்ப்ளையன்ஸ் (வங்கி சட்டவிதிகளின்படி நடக்கிறதா என்று பார்க்கும் பிரிவு) தலைவராக இருந்த டேவிட் பேக்லியே அந்த ஆண்டு எழுதிய மின்னஞ்சலில் இதைச் சொல்லியிருக்கிறார். அடுத்த பல ஆண்டுகளில் அந்த ஓட்டை அடைபடவில்லை. 2007இல் லண்டனிலிருந்த இன்னொரு மூத்த காம்ப்ளையன்ஸ் அதிகாரி மெக்சிகோவுக்குக் காட்டமாக எழுதுகிறார்: ஏற்கவே முடியாத ஆபத்துள்ள வாடிக்கையாளர்களை வியாபாரப் பிரிவு விடாமல் வைத்திருக்கிறது, தடுக்க வேண்டிய குழுவும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுத் தலையாட்டுகிறது என்று. இந்தக் கடிதங்கள் எல்லாம் பின்னால் அமெரிக்க செனட் விசாரணைக் குழுவின் கையில் சிக்கின.

2008 பிப்ரவரியில் மெக்சிகோவின் வங்கிக் கண்காணிப்பாளர்கள் எச்எஸ்பிசி மெக்சிகோவின் தலைமை அதிகாரியை நேரில் சந்தித்து எச்சரித்தார்கள். பணத்தை வெளுக்க, அதாவது குற்றத்தில் வந்த பணத்தை நேர்மையான பணம்போல் மாற்ற, ஏற்ற இடம் உங்கள் வங்கிதான் என்று போதைப்பொருள் கும்பல் தலைவன் ஒருவன் பேசிய பதிவு இருப்பதாகவும் அவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. அதே ஆண்டு வேலையை விட்டுப் போன சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புப் பிரிவின் இயக்குநர், மெக்சிகோவில் வெளுக்கப்படும் பணத்தில் 60 முதல் 70 சதவீதம் இந்த வங்கி வழியாகத்தான் போகிறது என்ற குற்றச்சாட்டு இருப்பதாகப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். அது சரியான கணக்கா என்பது வேறு விஷயம். வங்கியின் மேல்மட்டத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு இது பதில்.

அப்புறம் கேமன் தீவுகள் விவகாரம். எச்எஸ்பிசி மெக்சிகோவுக்கு அங்கே ஒரு கிளை இருந்தது. கட்டடம் கிடையாது, ஊழியர்கள் கிடையாது. மெக்சிகோவில் உட்கார்ந்துகொண்டே டாலர் கணக்கு திறப்பதற்கான ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். 2008இல் அந்தப் பெயரில் பல்லாயிரம் கணக்குகளும் 200 கோடி டாலருக்கும் மேலான பணமும் இருந்தன. கணக்கு வைத்திருந்த பலர் யார் என்பதற்கே வங்கியிடம் சரியான தாள் இல்லை.

இங்கே சேர்ந்த ரொக்க டாலர் எங்கே போகும்? அமெரிக்காவுக்குத்தான். 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் எச்எஸ்பிசி மெக்சிகோ தன் அமெரிக்கக் கிளை நிறுவனத்துக்கு 700 கோடி டாலரை நோட்டுகளாகவே அனுப்பியது. மெக்சிகோவில் வேறு எந்த வங்கியும் அவ்வளவு அனுப்பவில்லை. போதைப்பொருள் விற்ற பணம் கலக்காமல் இவ்வளவு டாலர் ரொக்கம் சேர வாய்ப்பே இல்லை என்று இரு நாட்டு அதிகாரிகளும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பிரிவோ 2006 முதல் 2009 வரை மெக்சிகோவை ஆபத்து குறைந்த நாடுகளின் வரிசையில் வைத்திருந்தது. அந்த ஒரு வகைப்பாட்டின் விளைவாக 67,000 கோடி டாலருக்கும் மேலான மின்னணுப் பரிமாற்றங்களும் 940 கோடி டாலருக்கும் மேலான ரொக்கக் கொள்முதலும் உரிய கண்காணிப்பு இல்லாமல் கடந்துபோயின. குறைந்தது 88.1 கோடி டாலர், மெக்சிகோவின் சினலோவா கும்பலுக்கும் கொலம்பியாவின் நோர்டே டெல் வாயே கும்பலுக்கும் சொந்தமான போதைப் பணம். இதற்கு வெளியே, அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்திருந்த ஈரான், சூடான், கியூபா, லிபியா, பர்மா தரப்புகளுக்காகப் பெயர்களை மறைத்து நடத்திய 66 கோடி டாலர் பரிமாற்றங்கள் தனிக் குற்றம்.

சினலோவா என்ற பெயரை ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. 2006 இறுதியில் தொடங்கிய மெக்சிகோவின் போதைப்பொருள் போரில் பல்லாயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனார்கள். இந்தக் கும்பல்களுக்கு ஆயுதம், ஆள், போலீசுக்கு லஞ்சம் எல்லாமே பணத்தால் வருவது. அந்தப் பணம் செலவழிக்கத்தக்க பணமாக மாறினால்தான் வரும். மாற்றிக் கொடுத்த இடத்தில் நடந்ததை வெறும் நிர்வாகக் குறைபாடு என்று என்னால் படிக்க முடியவில்லை.

வழக்கு வேண்டாம் என்ற முடிவு

2012 ஜூலை 17 அன்று செனட்டர் கார்ல் லெவின் தலைமையிலான துணைக் குழு 300 பக்கத்துக்கும் மேற்பட்ட அறிக்கையுடன் விசாரணை நடத்தியது. பேக்லி அந்தக் கூட்டத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும், பதவி விலகுவதாக அறிவித்தார். அப்போது நீதித் துறையின் உள்ளே இன்னொரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. அது வெளியே தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின.

2016 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நிதிச் சேவைக் குழுவில் பெரும்பான்மைத் தரப்பு ஊழியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நீதித் துறையின் உள் ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்டது அது. அதன்படி, சொத்துப் பறிமுதலையும் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத்தையும் கவனிக்கும் பிரிவின் அரசு வழக்கறிஞர்கள் வங்கியின் மீது குற்றவழக்கு தொடரவே பரிந்துரைத்தார்கள். மேலிடம் அதை ஏற்கவில்லை. 2012 செப்டம்பரில் பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கிக்குக் கடிதம் எழுதி, வழக்கு வந்தால் உலக நிதிச் சந்தைக்கு ஆபத்து என்று கவலை தெரிவித்தார். பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பும் தன் பங்குக்கு நெருக்கியது. கடைசியில் வழக்கு இல்லை.

அவர்களின் பயத்துக்கு ஒரு சட்ட அடிப்படை இருந்தது. சட்டவிரோதப் பணப்பரிமாற்றக் குற்றத்தில் ஒரு வங்கி தண்டிக்கப்பட்டால், அதன் உரிமத்தை ரத்து செய்யலாமா என்று அமெரிக்கக் கண்காணிப்பாளர்கள் விசாரித்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் டாலர் பரிமாற்றம் செய்ய முடியாத ஒரு பன்னாட்டு வங்கி இருந்து பயனில்லை. முந்தைய அனுபவமும் அவர்கள் மனதில் இருந்தது. 2002இல் ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கை நிறுவனம் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் மோசடி விவகாரத்தில் தண்டிக்கப்பட்டு அழிந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 28,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தபோது காப்பாற்ற நிறுவனமே மிச்சமில்லை. குற்றமற்ற ஊழியர்கள் தெருவுக்கு வந்தது உண்மை. அந்த வாதத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

2013 மார்ச்சில் நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் செனட்டின் நீதிக் குழு முன்பு, சில நிறுவனங்கள் மிகப் பெரிதாகிவிட்டதால் அவற்றின் மீது வழக்கு தொடர்வது கடினமாகிறது, நாட்டின் பொருளாதாரத்துக்கும் ஒருவேளை உலகப் பொருளாதாரத்துக்கும் பாதிப்பு வரும் என்று வெளிப்படையாகவே சொன்னார். பின்னால் அதைத் திருத்திப் பேசினார். ஆனால் 1999இல், துணை அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, நிறுவனங்கள் மீது வழக்கு தொடர்வதற்கு முன் பக்க விளைவுகளையும் எடைபோட வேண்டும் என்று வழிகாட்டுக் குறிப்பு எழுதியவரும் அவரேதான்.

வாதம் நிற்கும் இடம்

வாதத்தை முழுசாக ஏற்றுக்கொள்வோம். எச்எஸ்பிசி விழுந்தால் உலகம் ஆடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது பதில் சொல்வது ஒரே கேள்விக்குத்தான்: வங்கி என்ற நிறுவனத்தின் மீது ஏன் வழக்கு இல்லை? மெக்சிகோவின் ஆபத்து மதிப்பீட்டை மாற்றாமல் வைத்திருந்த அதிகாரி, எச்சரிக்கை வந்த பிறகும் கணக்கை மூடாத மேலாளர், தடை விதிக்கப்பட்ட நாட்டின் பெயரைப் பரிமாற்றச் செய்தியிலிருந்து அழிக்கச் சொன்னவர், இவர்கள் மீது ஏன் வழக்கு இல்லை என்ற கேள்வியை அது தொடவே இல்லை. ஒரு மேலாளர் கைதானால் உரிமம் போகாது. டெபாசிட்தாரர்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். நிறுவனத்தைப் பற்றிய பயம் சத்தமில்லாமல் மனிதர்களுக்கான கவசமாக மாறிவிட்டது. இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. தனிநபர் வழக்கில் அவருக்குத் தெரிந்தே, வேண்டுமென்றே செய்தார் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பெரிய வங்கியில் தகவல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். மெக்சிகோ கிளைக்காரருக்குப் பெட்டி தெரியும், பணம் நியூயார்க்கில் என்ன ஆகிறது என்று தெரியாது. நியூயார்க்கில் இருப்பவருக்குத் தொகை தெரியும், பெட்டி தெரியாது. லண்டனுக்கு இரண்டின் சாரமும் அறிக்கையாக வரும், முகம் வராது. எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும், யாருக்கும் முழுசாகத் தெரியாது என்ற நிலைமை உண்மையிலேயே வழக்கறிஞருக்குச் சிக்கல்.

சிக்கல் என்பது முடியாது என்பதல்ல. இதைவிடச் சிதறிய தகவல்களை ஒட்டவைக்க அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு ஒரு பழக்கப்பட்ட வழி இருக்கிறது. அதே போதைப்பொருள் வழக்குகளில் அன்றாடம் அதைத்தான் செய்கிறார்கள். கீழே இருப்பவரைப் பிடித்து, தண்டனைக் குறைப்பு தருவதாகச் சொல்லி, மேலே இருப்பவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பார்கள். பொட்டலம் விற்ற பையனிலிருந்து கும்பல் தலைவன் வரை அப்படித்தான் ஏறுவார்கள். அந்த ஏணியின் முதல் படியில் யாரையாவது நிறுத்தினால்தான் மேலே போக முடியும். எச்எஸ்பிசியில் முதல் படியில்கூட ஒருவரும் நிறுத்தப்படவில்லை. அந்த ஆண்டுகளில் அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதைப்பொருள் குற்றங்களுக்காக உள்ளே இருந்தவர்கள். கொஞ்சம் கோகெய்னுடன் பிடிபட்டால் ஜெயில், கும்பல்களின் ஏறக்குறைய நூறு கோடி டாலரை வெளுத்தால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் படுக்கையில் தூங்கலாமா என்று செனட்டர் எலிசபெத் வாரன் 2013 மார்ச்சில் கேட்டது இந்தப் பின்னணியில்தான்.

வழக்குக்குப் பதிலாக வந்தது வழக்கு ஒத்திவைப்பு ஒப்பந்தம். குற்றப்பத்திரிகை தாக்கலாகும், வங்கி உண்மைகளை ஒப்புக்கொள்ளும், ஐந்து ஆண்டு நல்லபடி நடந்துகொண்டால் குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாகும். நான்கு குற்றச்சாட்டுகள் இருந்தன. தடுப்பு ஏற்பாடு வைக்கத் தவறியது, வெளிநாட்டுக் கிளைகளைச் சரிபார்க்கத் தவறியது, பொருளாதாரத் தடைச் சட்டங்கள் இரண்டை மீறியது. பணத்தை வெளுத்த குற்றம் என்ற பிரிவு அதில் இல்லவே இல்லை. பறிமுதல் 125.6 கோடி டாலர், கண்காணிப்பு அமைப்புகளுக்கான அபராதம் 66.5 கோடி, மொத்தம் சுமார் 192 கோடி டாலர்.

தொகை பெரிதாகத்தான் தெரியும். அந்த 2012ஆம் ஆண்டில் எச்எஸ்பிசியின் வரிக்கு முந்தைய லாபம் சுமார் 2,060 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் அபராதம் ஐந்து வார லாபம்கூட ஆகாது. அதைக் கட்டியதும் பங்குதாரர்களின் பணம். தனிநபர்களைத் தொட்ட ஒரே அம்சம், காம்ப்ளையன்ஸ் உயரதிகாரிகள் சிலரின் போனஸைத் திரும்பப் பெற்றதும், மற்ற உயர்மட்டத்தினரின் போனஸில் ஒரு பகுதியை ஐந்து ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்ததும். தள்ளிவைத்தது என்றால் பிடுங்கியது அல்ல.

இதில் புதிய விஷயமும் ஒன்றுமில்லை. 2010இல் வக்கோவியா வங்கி இதே மாதிரி ஒப்பந்தம் போட்டு 16 கோடி டாலர் கட்டியது. மெக்சிகோவின் நாணயமாற்று நிறுவனங்களுக்காக அது நடத்திய 37,800 கோடி டாலர் பரிமாற்றங்கள் சரியாகக் கண்காணிக்கப்படவில்லை என்பது குற்றம். அங்கேயும் வங்கி அதிகாரி யாரும் கூண்டில் ஏறவில்லை. எச்எஸ்பிசியின் ஆட்களுக்கு அந்த முன்னுதாரணம் கண்ணெதிரே இருந்தது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது

பெரிய நிதிக் குற்றவாளிகளைப் பிடிக்கவே முடியாது என்பது வரலாற்றுப்படி பொய். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் சேமிப்பு–கடன் சங்கங்கள் (முக்கியமாக வீட்டுக்கடன் தரும் சிறு வங்கிகள்) வரிசையாகக் கவிழ்ந்தபோது சிறப்பு விசாரணைக் குழுக்கள் அமைத்தார்கள். கண்காணிப்பு அமைப்புகள் வழக்கறிஞர்களுக்குக் கோப்புகளை அனுப்பின. 800க்கும் மேற்பட்ட வங்கி அதிகாரிகள் சிறை சென்றார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, அதைவிடப் பல மடங்கு பெரிய சேதத்துக்குப் பிறகு, வால் ஸ்ட்ரீட்டில் அந்த நெருக்கடியோடு தொடர்புள்ள குற்றத்துக்காகச் சிறை சென்ற உயர் அதிகாரி என்று சொல்லப்படுபவர் கிரெடிட் சூயிஸ் வங்கியின் கரீம் செராகெல்டின் ஒருவர்தான். 30 மாதத் தண்டனை. அவரும் முதலாளி இல்லை, நட்டத்தை மறைக்கப் பத்திரங்களின் விலையைக் கூட்டிக் காட்டியவர்.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். 2008இல் அதன் மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் விழுந்தன. நாட்டின் பொருளாதாரத்தைப் போல் பல மடங்கு பெரிய வங்கிகள் அவை. சிறப்பு வழக்கறிஞர் பதவிக்கு முதலில் யாருமே விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் அக்ரானெஸ் என்ற சின்ன ஊரின் போலீஸ் தலைவராக இருந்த ஓலாவுர் ஹாக்சன் வந்தார். பெருநிதிக் குற்றங்களில் அனுபவம் இல்லாதவர். பெரிய நாடுகளிடம் இருந்த ஆள்பலத்தில் ஒரு துளிகூட அவரிடம் இல்லை. ஆனால் குறி தெளிவாக இருந்தது: முடிவெடுத்தவர் யார்? காவ்ப்திங் வங்கியின் முன்னாள் தலைமை அதிகாரிக்கு 2013 டிசம்பரில் ஐந்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது, 2015இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே வங்கிகள் ஏற்கெனவே விழுந்துவிட்டன, காப்பாற்ற எதுவும் இல்லை, அதனால் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அங்கே நிறுவனத்தையும் மனிதரையும் பிரித்துப் பார்த்தார்கள் என்பது.

இந்தப் பிரித்தல் எச்எஸ்பிசியிலேயே சாத்தியம் என்பதற்கு அமெரிக்காவே பின்னால் ஓர் உதாரணம் காட்டியது. 2016 ஜூலையில் அந்த வங்கியின் அந்நியச் செலாவணி வர்த்தகத்தின் உயரதிகாரி ஒருவரை நியூயார்க் விமான நிலையத்தில் கைது செய்து, அடுத்த ஆண்டு ஜூரி முன் நிறுத்தினார்கள். ஓர் எண்ணெய் நிறுவனத்தின் 350 கோடி டாலர் நாணயமாற்றம் வரப்போவதைத் தெரிந்துகொண்டு, அதற்கு முந்தி வாங்கி லாபம் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கின் சட்ட நியாயம் தனி விவாதம். வங்கி விழவில்லை, சந்தை ஆடவில்லை. பாதிக்கப்பட்டது ஒரு பெரிய நிறுவனமாக இருந்தபோது தனிமனிதரைத் தேடிப் போக முடிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் மெக்சிகோவின் ஊர்களில் இருந்தபோது முடியவில்லை.

ஒப்பந்தத்துக்குப் பிறகு

நியூயார்க் கிழக்கு மாவட்டத்தின் நீதிபதி ஜான் க்ளீசன் முன்பு ஒப்பந்தம் வந்தபோது அவர் வெறுமனே முத்திரை குத்த மறுத்தார். 2013 ஜூலையில், நிறைவேற்றத்தை மேற்பார்வையிடும் அதிகாரம் தனக்கு உண்டு என்று சொல்லித்தான் அனுமதித்தார். வங்கி திருந்துகிறதா என்று பார்க்க நியமிக்கப்பட்ட கண்காணிப்பாளர் நீண்ட அறிக்கை எழுதினார். அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாதாரண வாடிக்கையாளர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். சில பகுதிகளை மறைத்துவிட்டு வெளியிடலாம் என்று 2016இல் க்ளீசன் உத்தரவிட்டார். அரசும் வங்கியும் ஒரே பக்கம் நின்று மேல்முறையீடு செய்தன. குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் கைகோத்து, மக்கள் அறிக்கையைப் பார்க்கக் கூடாது என்று வாதாடினார்கள். 2017 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் நிறைவேறுவதைக் கண்காணிப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல, அரசு வழக்கறிஞரின் உரிமை என்றது தீர்ப்பு.

நடுவே 2015 செப்டம்பரில் நீதித் துறை தன் வழக்கறிஞர்களுக்குப் புதிய குறிப்பு அனுப்பியது. நிறுவனம் ஒத்துழைப்புக்கான சலுகை பெற வேண்டுமென்றால், தவறில் பங்குள்ள தனிநபர்கள் பற்றிய எல்லா உண்மைகளையும் தர வேண்டும் என்று. எச்எஸ்பிசி ஒப்பந்தத்தில் இல்லாமல் போனது சரியாக இதுதான். அதற்குப் பின்னும் அந்தக் கோப்பை யாரும் மறுபடி திறக்கவில்லை.

2017 டிசம்பரில் ஐந்து ஆண்டு முடிந்தது. நான்கு குற்றச்சாட்டுகளும் தள்ளுபடியாயின. அடுத்த மாதமே, 2018 ஜனவரியில், அந்நியச் செலாவணி முறைகேட்டுக்காக அதே வங்கி 10.15 கோடி டாலர் கட்டி இன்னொரு ஒத்திவைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2019 டிசம்பரில் அதன் சுவிட்சர்லாந்துத் தனியார் வங்கிப் பிரிவு, அமெரிக்கர்கள் வரி ஏய்க்க உதவியதை ஒப்புக்கொண்டு 19.2 கோடி டாலர் கட்டி மூன்றாவது ஒப்பந்தத்தைப் பெற்றது. ஒரு தனிமனிதர் நன்னடத்தைக் காலம் முடிந்த அடுத்த மாதமே இன்னொரு குற்றத்துக்காக நீதிமன்றம் வந்தால், பழைய சலுகை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும். எந்த நீதிபதியும் அதே சலுகையை மறுபடி தர யோசிப்பார்.